சமையல்காரிக்கு நாலு உசுரு

"கதைக்குள்ள நீ ஆரு புள்ள?" என்று வெங்கடாசலம் அவளைக் கேட்டான்.

இரண்டு வருஷமாகப் பாவாயியிடம் யாரும் கேட்டதெல்லாம் எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா, புண்ணாக்கு ஊறப் போட்டாச்சா, மடை திருப்பியாச்சா என்பதுதான். அதற்கெல்லாம் தலையை ஆட்டினால் போதும். இந்தக் கேள்விக்குத் தலையாட்ட முடியாது. கேட்டவனும் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. பென்சிலைக் காகிதத்தில் ஊன்றியபடி அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.

"அவ ஆள் கணக்குக்குத்தானுங்க மச்சான்," என்றான் வேலுமணி. "எதயாச்சும் எழுதிட்டு ஆரம்பிங்க."

எண்பத்தைந்தாம் வருஷம், மே மாதம். சங்ககிரிக்குத் தெற்கே பெரியப்பா நாச்சிமுத்துவின் காட்டில், கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்குள் ஐந்து பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் நேரத்தில் அந்தக் காட்டிலேயே குளுமையான இடம் அதுதான். வேலுமணி பெரியப்பாவின் மகன். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். செல்லாயி அவன் தங்கை, பதினொன்றாவது போகப் போகிறவள். அப்புசாமி பக்கத்துக் காட்டுப் பங்காளி வீட்டுப் பையன். வேலுமணி எதைச் சொன்னாலும் அதையே கொஞ்சம் சத்தம் குறைத்துத் திருப்பிச் சொல்லுகிறவன். வெங்கடாசலம் பெரியப்பாவின் தங்கை மகன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு மாமன் வீட்டுக்கு வரும்போது, ஹாஸ்டலில் கைமாறி வந்த ஒரு ஜெராக்ஸ் கத்தையைக் கொண்டுவந்திருந்தான்.

கத்தைக்குள் இருந்தது ஒரு விளையாட்டு. அதற்குக் கட்டமும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடந்து போவார்கள். வழியில் என்ன வருகிறது என்று அவர் சொல்லுவார். நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். நீ சொன்னதுதான் நடக்கும். சண்டை வந்தால் மட்டும் எண் பார்க்க வேண்டும். அதற்கு இருபது முகம் வைத்த பகடை வேண்டுமாம். அது இல்லாததால் இருபது புளியங்கொட்டைகளைத் தேய்த்து, மையால் எண் எழுதி, ஒரு சொம்பில் போட்டு வைத்திருந்தார்கள். வடக்கே பனிமலையில் இருக்கும் ஒரு தீக்கல்லை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்பது கதை. முடிய லீவு முழுக்க ஆகும் என்று வெங்கடாசலம் சொன்னான். நாலு பேராவது இருந்தால்தான் நடத்த முடியும். எருமப்பட்டியிலிருந்து வருவதாக இருந்த பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அதனால்தான், மோட்டாரைப் பார்த்துக்கொள்ள அங்கே நின்றுகொண்டிருந்த பாவாயிக்கும் ஒரு சாக்கு விழுந்தது.

"வாள்வீரன், இருபது உசுரு," என்று வெங்கடாசலம் விரல் விட்டான். "வில்லாளி பதினாலு. வைத்தியன் பத்து. திருடன் ஒம்போது. மந்திரக்காரி எட்டு. உசுருங்கறது எத்தன அடி தாங்குவீங்கங்கற கணக்கு. ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா செத்தாச்சு. செத்தவிய எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரோணும். மறுக்கா ஆளு எடுத்துட்டு வரக் கூடாது."

"எனக்கு வாளு," என்றான் வேலுமணி, அவன் சொல்லி முடிக்கும் முன்பே.

"நான் மந்திரக்காரி. சீலை என்ன கலருங்க மச்சான்?" என்றாள் செல்லாயி.

"உனக்குப் புடிச்ச கலரு."

அப்புசாமிக்குத் திருடனின் மேல் ஆசை. "திருட்டுப் பயலா வந்து என்றகூட நடப்பியாடா? அம்பு எடு," என்று வேலுமணி அதட்டியதும் வில்லாளி ஆகிவிட்டான்.

"இவள வைத்தியச்சியாப் போடுங்க," என்று வேலுமணி பாவாயியின் பக்கம் கட்டை விரலைக் காட்டினான். "என்ற காயத்துக்குக் கட்டுப் போட ஒரு ஆளு வேணுமல்ல."

பாவாயி சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "சமையக்காரி இருக்குதுங்களா மச்சான்?"

ரூம் அதிரச் சிரித்தார்கள். செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "பாரு, அப்பன் புத்தி!" என்றான் வேலுமணி. "உலகத்துல எது வேணும்னாலும் ஆவலாம்னு சொன்னாக்கூட, போசிதான் கழுவுவனுங்கறா!"

வெங்கடாசலம் மட்டும் கத்தையைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், கூலியாட்களின் பட்டியல் இருந்தது. சுமை தூக்குகிறவன், பந்தம் பிடிக்கிறவன், சமையல்காரன்.

"இருக்குது. ஆனா நாலே நாலு உசுருதான் புள்ள. ஒரு குத்துக்குத் தாங்காது."

"செரீங்க," என்றாள் பாவாயி.

"எதுக்கு அது?"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் இடம் அது இல்லை.

பாவாயியின் அப்பா சின்னண்ணன், பெரியப்பாவுக்குத் தம்பி. கிணறு வற்றி, பங்குக் காடு கையை விட்டுப் போன பிறகு, அண்ணன் கூட்டுச் சேர்ந்து வாங்கிய, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலேயே சமையல்காரராகப் போனார். போர் போட வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். ஒருமுறை நாக்பூரைத் தாண்டி ஏதோ ஒரு பொட்டலில் மேனேஜர் அவரைக் கை நீட்டிவிட்டான். அப்பா எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. அரிசிப் பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று மைல் நடந்து, ஒரு கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த ஊர்க் கடைகளில் அரிசியே கிடையாது. முதல் நாள் பையன்கள் பச்சை வெங்காயத்தைக் கடித்தார்கள். இரண்டாம் நாள் டிரில்லர் குழாயை இறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் மேனேஜரே லாரி எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தான். "டிரில்லரு போனா இன்னொருத்தன் வருவான். மேனேஜரு போனா நல்லதும்பாங்க. நான் எந்திரிச்சுப் போனா ரிக்கு நின்னுரும் சாமி," என்று அப்பா சொல்லிவிட்டு, மறுபடியும் எட்டு மாதத்துக்குப் போய்விட்டார்.

பாவாயிக்குத் தீக்கல் வேண்டாம், ஜெயிக்கவும் வேண்டாம். அந்தச் சாக்கு வேண்டும். லீவு முடியும் வரைக்கும் தினம் இரண்டு மணி நேரம் அந்த ரூமில் உட்கார வேண்டும். எட்டாவது முடிந்தபோது சங்ககிரிப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கொடுக்க அப்பா எழுதியிருந்தார். பெரியம்மா சென்னியம்மாளுக்கு மாட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. செல்லாயிக்கோ, சமையல்காரன் மகள் தன் பஸ்ஸிலேயே ஏறி வருவது வெட்கமாக இருந்தது. அதை ஒளிக்காமல் பாவாயியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பாவாயியின் அம்மா, "கம்முனு இரு, அவிய ஊட்டுச் சோறு," என்றாள். அதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு 'நீ என்ன பண்ணுற?' என்று கேட்பதும், அவள் சொல்வதை எழுதிக்கொள்வதும் இந்த ரூமில்தான். செத்தால் எழுந்து போக வேண்டும் என்றால், சாகாத வேஷம் எதுவோ அதுதான் நல்ல வேஷம். ரொம்ப நாள் நடக்கிற பயணத்தில் யாரைச் சாக விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

விளையாட்டு நடந்தது. வேலுமணி தினம் இரண்டு பேரை வெட்டினான். சொம்புக்குள் கையை விட்டால் அவனுக்கு அடிக்கடி இருபதே வந்தது. இருபதாம் கொட்டையின் ஒரு ஓரத்தை அவன் நகத்தால் கீறி வைத்திருந்ததைப் பாவாயி மூன்றாம் நாளே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அவளைத்தான் வெளியே போகச் சொல்லுவார்கள். செல்லாயி தனக்கு வேண்டிய மந்திரங்களைப் பொறுக்கிக்கொண்டாள்: வெளிச்சம் வரவைப்பது, மயில் பறக்க விடுவது, சீலையின் நிறம் மாற்றுவது. "தண்ணி வரவைக்கற மந்திரம் ஒண்ணு இருக்குது," என்று வெங்கடாசலம் சொன்னான். "அதுக்குத்தான் இவ இருக்கறாளே," என்று செல்லாயி பாவாயியைக் காட்டினாள்.

சண்டை வந்தால் சமையல்காரி புதருக்குள் படுத்துக்கொண்டாள். மற்ற நேரத்தில் வழியில் வரும் ஊர்களில் அரிசி, உப்பு, பருப்பு, தோல்பையில் தண்ணீர் என்று சேர்த்தாள். சுமக்க ஒரு கழுதை பிடித்தாள். ஒரு ஆளுக்கு ஒரு நாள் சோறு இல்லாவிட்டால் இரண்டு உசுரு போகும், தண்ணீரும் இல்லாவிட்டால் இன்னும் நாலு போகும் என்று முதல் நாள் வெங்கடாசலம் கடகடவென்று வாசித்துப் போட்டதை அவள் மட்டும் பழைய பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டு புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் இருப்பது யாருக்கும் தெரியாது.

"சோறு ஆச்சா சமையக்காரி?" என்று வேலுமணி கதைக்குள் கேட்பான். "ஆச்சுங்க அண்ணா," என்பாள். "உப்பு பத்தல," என்று அவன் காலால் சாக்கைத் தட்டுவான். அப்புசாமி, "பத்தல, பத்தல," என்பான்.

பதினேழாம் நாள் வெங்கடாசலம் ஒரு பிழை செய்தான். சாப்பாட்டு நேரத்தில், பெரியம்மா மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "நாலு உசுர வெச்சுட்டு இவ்வளவு தூரம் வந்துட்டா அத்தை. ஹாஸ்டல்லகூட இப்பிடி ஒருத்தனும் ஆடுனதில்ல," என்றான்.

"ஆரு?" என்றாள் பெரியம்மா.

"பாவாயிதான்."

பெரியம்மா மோர்ச் சட்டியை வைத்த சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று. அவள் தன் மகள் செல்லாயிக்கு வெங்கடாசலத்தை மனசில் வைத்திருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மகளின் தட்டையும் மருமகனின் முகத்தையும் பார்த்துவிட்டு, "சாணி அள்ளுறதுல அவள மிஞ்ச ஆளு இல்லீன்னு நானும் சொல்லுவேன்," என்றாள். வேலுமணி சோற்றைப் பிசைந்துகொண்டே பாவாயியை நிமிர்ந்து பார்த்தான்.

மறுநாள் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலிருந்த சிவப்பு பல்பு எரிந்தது. மூன்று பேஸ் கரண்டும் வந்துவிட்டது. பாவாயி பட்டனை அழுத்தி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்கு ஓடினாள். கோடைக் கிணறு ஒரு மணி நேரம்தான் தாங்கும். மடை மடையாகத் திருப்பிவிட்டு, குழாய் காற்றை இழுக்கிற சத்தம் கேட்டதும் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். முழங்கால் வரைக்கும் சேறு.

ரூமுக்குள் அப்புசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சுங்க?" என்றாள்.

"பாலத்துல ஒரு பூதம் நிக்குது," என்றாள் செல்லாயி. "ஒரு ஆளக் குடுத்தாத்தான் அக்கட்ட உடுமாம்."

"நாங்க மூணு பேரும் பேசி முடிச்சுட்டம்," என்றான் வேலுமணி. "விடிஞ்சா உன்னயக் குடுத்துட்டு நாங்க போறம்."

பாவாயி நின்றபடியே இருந்தாள். சேறு காலில் காய்ந்து இழுத்தது.

"அவளயும் ஒரு வார்த்த கேக்கோணும் மாப்ள," என்றான் வெங்கடாசலம்.

"எதுக்குங்க? ரிக்குல சமையக்காரனக் கேட்டுட்டா கொழாய எறக்கறாங்க? எங்கூட்டு ரிக்குல அப்பிடி ஒரு பழக்கம் இல்லீங்க மச்சான்."

'எங்கூட்டு' என்பதை அவன் அழுத்திச் சொன்னான். வெங்கடாசலம் அந்த வீட்டுச் சோற்றைத்தான் இத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தான். கத்தையில் ஒரு பக்கத்தைத் திருப்பினான். திருப்பின பக்கத்தையே திரும்பவும் திருப்பினான். "நாலுல மூணு பேரு சொன்னா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டான்.

"சொல்லியாச்சு," என்றான் வேலுமணி.

"சொல்லியாச்சு," என்றான் அப்புசாமி.

"செரி. ஆனா கதையில இப்ப பொழுது உழுந்துருச்சு. முகாம் போட்டுத்தான ஆவோணும். காவலு ஆரு?"

"அவளே இருக்கட்டும்," என்று வேலுமணி சிரித்தான். "கடேசி ராத்திரி. கண்ண மூடாம இருந்துக்கட்டும்."

வெங்கடாசலம் எழுதிக்கொண்டான். பிறகு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டான். குரல் இறங்கியிருந்தது; மன்னிப்புக் கேட்கிறவனைப் போல இருந்தது. "எல்லாரும் தூங்கறாங்க. நீ காவல்ல இருக்கற. என்ன பண்ணுற புள்ள?"

பாவாயி சாக்கில் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துச் சேற்றுக் காலை மூடிக்கொண்டாள்.

"அரிசி மூட்ட, பருப்பு, உப்பு, தண்ணித் தோல்பையி நாலும் கழுதை மேல ஏத்தறனுங்க. அவிய இடுப்புல இருக்கற தண்ணிக் குடுவையவும் எடுத்துக்கறனுங்க. சோறாக்கற போசியவும் எடுத்துக்கறன். கழுதை கழுத்து மணிய அவுத்து மடியில வெச்சுட்டு, வந்த வழியே போறனுங்க."

வெங்கடாசலம் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான்.

"அதெப்பிடி!" வேலுமணி எகிறினான். "சத்தம் கேக்கும். நான் முழிச்சுக்குவன். கொட்டை எடுக்கறன், கொடுங்க."

வெங்கடாசலம் பக்கத்தைத் தேடி விரலை வைத்தான். "காவல்காரனே போனா, தூங்கறவியளுக்குக் கேக்காதுன்னுதான் போட்டிருக்குது."

"அப்பறம் இதுக்குப் பேரு வெளையாட்டா?"

"நீங்கதான மாப்ள அவளக் காவலுக்கு வெச்சது."

அப்புசாமி மெல்ல, "விடிஞ்சதும் தொரத்தலாம் வேலு. கழுதையோட எத்தன தூரம் போயிருப்பா?" என்றான். வேலுமணி அவன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். "ஒரு சமையக்காரி பொறத்தாண்ட நான் ஓடுவனா? போடா. அக்கட்ட ஏழு நாள் பாழ்நெலம், அவ்வளவுதான? சோறில்லாட்டி என்ன, நடங்க."

பாவாயிக்கு அது முன்பே தெரியும். துரத்தி வந்திருந்தால் அரை நாளில் பிடித்திருப்பார்கள். வர மாட்டார்கள்.

பூதத்தை வேலுமணி ஒரே வெட்டில் சாய்த்தான். இருபது. கொட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். பாலத்தைத் தாண்டி மூவரும் பாழுக்குள் இறங்கினார்கள்.

"மொத நாளு," என்றான் வெங்கடாசலம். "சோறில்ல, தண்ணியில்ல. ஆளுக்கு ஆறு உசுரு."

"எண்ணு பாக்கலையா?" வேலுமணி சொம்பை இழுத்தான்.

"பசிக்கு எதுக்கு எண்ணு?"

அப்புசாமி மான் அடிக்கிறேன் என்றான். பாழில் மான் இல்லை. செல்லாயி மயில் பறக்க விட்டு அதைப் பிடித்துத் தின்னலாமா என்று கேட்டாள். அது மந்திர மயில், புகைதான். எட்டில் ஆறு போய் அவளுக்கு இரண்டு உசுரு மீதி இருந்தது. அதை விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு அவள் பாவாயியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவள் பாவாயியின் சாக்கைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பாவா, திரும்பி வாடி. ஒரு குடுவத் தண்ணி. நானா சொன்னேன்? அண்ணன்தான சொன்னான்."

வெங்கடாசலம் பாவாயியைப் பார்த்தான். "நீ ஒரு நாள் தூரத்துலதான் இருக்கற. திரும்புனா மூணு பேரும் பொழைப்பாங்க. என்ன பண்ணுற?"

பாவாயி செல்லாயியைப் பார்த்தாள். அழுகை நிஜமாகவே வந்திருந்தது. திரும்பலாம். திரும்பினால் சோறு பொங்கலாம், தின்பார்கள், அடுத்த பாலத்தில் மறுபடியும் மூன்று பேரும் பேசி முடிப்பார்கள். இந்தச் செல்லாயி, சங்ககிரி பஸ்ஸில் யார் ஏறக் கூடாது என்று சொன்ன அன்று இப்படி நெருங்கி உட்காரவில்லை.

"நான் நடந்துட்டே இருக்கறனுங்க," என்றாள்.

"திரும்பல?"

"இல்லீங்க."

இரண்டாம் நாள் செல்லாயி செத்தாள். மூன்றாம் நாள் அப்புசாமி. நாலாம் நாள் காலையில் வேலுமணிக்கு இரண்டு உசுரு இருந்தது. அவன் சொம்புக்குள் கையை விட்டுக் கொட்டைகளை அளைந்துகொண்டே இருந்தான். எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

"நாலாம் நாள் பொழுது உழுகுது," என்றான் வெங்கடாசலம். வேலுமணியின் காகிதத்தில் மிச்சமிருந்த இரண்டு கோட்டையும் அடித்தான்.

வேலுமணி சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கொட்டைகள் ஸ்டார்ட்டருக்குப் பின்னாலும் பைப்புக்கு அடியிலும் தெறித்தன. "சோறு தின்ன ஊட்டுக்கே கேடு நெனைக்கற சாதி," என்று எழுந்தான். "அப்பனும் அப்பிடித்தான, பொட்டிச் சாவியத் தூக்கிட்டுப் போயிப் படுத்துக்கிட்டான். எங்கப்பா அன்னிக்கே வண்டியை உட்டு எறக்கியிருக்கோணும்." பாவாயி தலையைக் குனியவில்லை. அவன் வாசற்படியில் நின்று, வெங்கடாசலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் புதிதாக ஒன்று வந்தது. "செரி, நாங்க செத்தாச்சு. இனி மச்சானும் நீயும் மட்டும் கதவச் சாத்திட்டு ஒக்காந்து ஆடுங்க. ஊரே பாக்கட்டும்."

செல்லாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் போனாள். அப்புசாமி கடைசியாகப் போனான். அவன் மட்டும் திரும்பி, "நல்ல ஆட்டம் புள்ள," என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, அதை யாராவது கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டு ஓடினான். வெங்கடாசலம் கத்தையை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் வைத்து ஒரு கல்லை எடுத்து வைத்தான். "நாளைக்குப் பாக்கலாம்," என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பால் கறக்கும்போது பெரியம்மா மாட்டுத் தொண்டுப்பட்டிக்கு வந்து நின்றாள். வழக்கமாக அவள் அங்கே வருவதில்லை.

"ஆளாகி ரெண்டு வருசமாச்சல்ல உனக்கு?"

"ஆமாங்க பெரிம்மா."

"அது நெனப்புல இருந்தாச் செரி," என்று சொல்லிவிட்டுப் பால் சொம்பைக்கூட வாங்காமல் போனாள். எருமை காலைத் தூக்கியது. பாவாயி அதை அதட்டினாள். பெரியம்மா ஏன் அதைக் கேட்டாள் என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. வந்த வழியே போகும் சமையல்காரிக்கு முன்னால் மூன்று பாதைகள் இருந்தன. எது எங்கே போகும், அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்பதிலேயே மனசு கிடந்தது. ஒரு ஆளுக்கென்றால் நாற்பது நாள் தாராளமாக வரும். லீவே அத்தனை நாள் மீதி இல்லை.

மறுநாள் வேலையை வெசையாக முடித்தாள். காலைக் கழுவி, பாவாடையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனாள். ரூமைக் கூட்டினாள். கொட்டைகளைப் பொறுக்கினாள். பத்தொன்பது கிடைத்தது. கீறல் விழுந்ததைத் தேட அவளுக்கு அக்கறை இல்லை. நசுங்கிய சொம்பை நிமிர்த்தி வைத்தாள். மூன்று சாக்குகளைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, தன் சாக்கையும் எதிரே வெங்கடாசலத்தின் சாக்கையும் மட்டும் விரித்தாள். உட்கார்ந்தாள். பூகோள நோட்டை முதல் தடவையாக வெளியே எடுத்து வந்து மடியில் வைத்திருந்தாள்.

அவன் வரப்பின் மேல் வருவது தெரிந்தது. வேகமாகத்தான் வந்தான். வாசற்படிக்கு வந்ததும் நின்றான்.

உள்ளே அவளைப் பார்த்தான். எதிரெதிரே கிடந்த இரண்டு சாக்குகளைப் பார்த்தான். சுருட்டிப் போட்ட மூன்றையும் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். பாவாயியும் அவன் தோளுக்கு அப்பால் பார்த்தாள். வைக்கோல் போரடியில் பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வேலுமணி, வைக்கோல் குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு.

அரிசியை எண்ணியிருந்தாள். தண்ணீரை எண்ணியிருந்தாள். வேலுமணி துரத்தி வரமாட்டான் என்பதைக்கூட எண்ணியிருந்தாள். அண்ணன்மாரும் அக்காளும் செத்துப்போன ரூமில், ஆளான பெண்ணும் முறைப்பையனும் எதிரெதிரே உட்கார முடியாது என்பதை அவள் எண்ணவில்லை. அவர்கள் மூவரும் உயிரோடு இருந்ததால்தான் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது.

"மச்சான்," என்றாள். நோட்டைத் திறந்தாள். "மூணு வழி இருக்குதுங்க. கெழக்கால போறதுன்னு முடிவு பண்ணீட்டனுங்க. அரிசி நாப்பது நாளைக்கு வரும்."

வெங்கடாசலம் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினான். வாசலுக்கு வெளியிலேயே நின்றபடி, உடம்பை உள்ளே விடாமல், கையை மட்டும் நீட்டி ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலிருந்த கல்லை நகர்த்தினான். கத்தையை எடுத்தான். ஒரு காகிதம் நழுவி உள்பக்கம் விழுந்தது. சமையல்காரி என்று பென்சிலில் எழுதி, அதற்குக் கீழே நாலு கோடு போட்ட காகிதம். குனிந்து அதை எடுக்க உள்ளே வர வேண்டும். அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை.

கத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவன் வரப்பில் இறங்கி நடந்தான்.